முடிவு சொல்லாத கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி | நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. சென்ற வாரம் அவள் படித்து முடித்த சிறுவர் நாவல் ஒன்று இரண்டு நாள் எங்கள் இருவரின் தூக்கத்தையும் கெடுத்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை இதுதான். 13 வயதுப் பெண் ஒருத்தியின் அண்ணன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதை வீட்டில் சொல்லாமல், நாள்தோறும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகிறான். விஷயம் தங்கைக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவனுடைய அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்காக அம்மா தன் நெடுநாள் சேமிப்பை எடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், தங்கை உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சேமிப்பு தப்புகிறது, அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். அவன் திரும்பி வந்தானா என்பதைக் கதை சொல்லவில்லை.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிற பக்கத்தின் மூலையை என் மகள் மடித்து வைத்திருக்கிறாள். அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, "அவள் செய்தது சரியா அம்மா?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். "சரியென்றால் ஏன் இப்படி முடிகிறது?" என்றாள். எனக்கு விடை வரவில்லை. மறுநாள் காலையில், பல் துலக்கிக்கொண்டே, "நான் சொல்லப்போகிறேன், அதற்குள் நீயே சொல்லிவிடு என்று அண்ணனுக்கு ஒரு நாள் கெடு கொடுத்திருக்கலாமே" என்றாள். இரவு முழுவதும் யோசித்திருக்கிறாள் போலிருக்கிறது.

நான் சிறுவயதில் படித்த கதைகளில் நல்லது எது, கெட்டது எது என்பதில் ஐயமே இருந்ததில்லை. எப்படி நடந்துகொண்டாலும் யாரோ ஒருவர் நோகத்தான் வேண்டும் என்று காட்டுகிற கதைகள் இந்த வயதில் உண்மையிலேயே உதவுமா, அல்லது வீண் பாரமாகுமா? அவள் கேட்கும்போது நான் விடை சொல்ல வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி | சன்னலோரம்

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. குழந்தை உளவியலை முறையாகப் படித்தவள். உங்கள் மகள் பல் துலக்கும்போது சொன்ன அந்தக் "கெடு" என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏன் என்று சொல்வதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

பிள்ளைகள் சரி தவறுகளை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை அறிய, ஆய்வாளர்கள் முதலில் கையில் எடுத்த கருவியே கதைதான். ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில் இரண்டு சிறுவர்களின் கதை வருகிறது. சாப்பிட அழைத்தார்களென்று ஒருவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன், அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் இருக்கும் ஜாமை எடுக்க ஏறி, ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். இருவரில் யார் அதிகத் தவறு செய்தவன் என்று கேட்டால், சிறு குழந்தைகளில் பலர் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். வயது ஏறஏற, உடைந்த கோப்பைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு உடைத்தவனின் எண்ணத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்தவர் லாரன்ஸ் கோல்பர்க். 1958இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிகாகோவில் 10, 13, 16 வயதுள்ள 72 சிறுவர்களிடம் இக்கட்டான நிலைமைகளைக் கதையாகச் சொல்லிக் கேள்வி கேட்டார். அவருடைய புகழ்பெற்ற கதையில், ஹைன்ஸ் என்பவரின் மனைவி சாகக் கிடக்கிறாள். அவளைக் காப்பாற்றக்கூடிய மருந்துக்கு மருந்துக்காரர் அடக்கவிலையைப் போலப் பத்து மடங்கு கேட்கிறார். ஹைன்ஸால் பாதித் தொகையைத்தான் திரட்ட முடிகிறது. கடைசியில் கடையை உடைத்து மருந்தை எடுத்துவிடுகிறான். திருடலாமா கூடாதா என்ற விடை கோல்பர்க்குக்கு முக்கியமாக இருக்கவில்லை. அந்த விடைக்குப் பிள்ளை சொல்லும் காரணத்தைத்தான் அவர் கவனித்தார். "மாட்டிக்கொண்டால் அடி விழும்" என்பதும், "உயிர் பொருளைவிடப் பெரியது" என்பதும் ஒரே முடிவுக்கு வராமலும் போகலாம், வரவும் செய்யலாம். ஆனால் அவை ஒரே இடத்தில் நின்று சொல்லப்பட்டவை அல்ல.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். கோல்பர்க் முதலில் கேட்டது முழுக்க ஆண்பிள்ளைகளிடம். இதைச் சுட்டிக்காட்டியவர் கரோல் கில்லிகன். 1982இல் வந்த அவருடைய நூலில் ஜேக், ஏமி என்று பெயர் மாற்றிக் குறிப்பிடப்படும் 11 வயதுப் பிள்ளைகள் இருவர் இதே ஹைன்ஸ் கதைக்கு விடை சொல்கிறார்கள். ஜேக் கணக்குப் போடுவதுபோல உயிரா சொத்தா என்று நிறுத்துப் பார்த்து, திருடலாம் என்கிறான். ஏமியோ, வேறு வழி இருக்கலாமே, கடன் வாங்கலாமே என்கிறாள். அவன் சிறைக்குப் போனால் மனைவிக்கு மறுபடியும் நோய் முற்றும்போது யார் பார்ப்பார்கள் என்று கவலைப்படுகிறாள். பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் கீழிருந்து மேலாகப் படிகளாக அடுக்கிய கோல்பர்க்கின் அளவுகோலின்படி ஏமியின் விடை தெளிவில்லாதது, எனவே ஒரு படி கீழே. கில்லிகன் அதை ஏற்கவில்லை. ஏமி காண்பது வேறொரு சிக்கல், அவள் உறவு அறுந்துபோகாமல் இருக்க வழி தேடுகிறாள் என்றார்.

உங்கள் மகள் கொடுத்த ஒரு நாள் கெடுவும் அத்தகைய வழிதான். எழுத்தாளர் காட்டிய இரண்டு கதவுகளையும் விட்டுவிட்டு மூன்றாவது கதவைத் தேடியிருக்கிறாள். நல்லவன் வென்றான் என்று முடிகிற கதை இந்தத் தேடலுக்கு இடம் கொடுக்காது; தேட வேண்டிய தேவையே அங்கே எழுவதில்லை. எனவே "சரிதான்" என்ற உங்கள் விடையைவிட, உங்களுக்கு விடை வராமல் போனதுதான் அவளுக்கு அதிகம் உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மறுமொழி | அடுக்குகளுக்கிடையே

நூலகத்தில் வேலை பார்ப்பவன். 11 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்காக வாரம் ஒருமுறை வாசிப்புக் கூட்டம் நடத்துகிறேன். மேலே அம்மையார் விளக்கமாக எழுதியிருப்பதால், நான் செய்த பிழையை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கத்தில், கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பேன். உடனே கூட்டத்தில் ஓர் அமைதி வரும். பிறகு யாராவது ஒரு பிள்ளை, எனக்குப் பிடித்தமான விடை எதுவென்று ஊகித்து, "எப்போதும் உண்மையே பேச வேண்டும்" என்று சொல்லும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அத்தோடு கதை செத்துப்போகும். பாத்திரம் பட்ட பாட்டையெல்லாம் ஒற்றை வரியில் சுருட்டி எடுத்துக்கொண்டு போகச் சொன்னது நான்தான் என்பது புரிய எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இப்போது முறையை மாற்றிக்கொண்டேன். பாத்திரம் முடிவெடுக்கும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் வாசிப்பை நிறுத்திவிடுவேன். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய், அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று இரண்டே வரி. பெயர் எழுத வேண்டியதில்லை. மடித்துக் கொடுத்ததை நான் கலைத்துப் படிப்பேன். இரண்டாவது வரிதான் முக்கியம். முதல் வரியை எல்லாரும் வீரமாக எழுதிவிடுவார்கள். இழப்பை எழுத உட்காரும்போதுதான் பேனாவைக் கடிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். நண்பனைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்ற ஒரு கதைக்கு வந்த தாளொன்றில், "சொல்லிவிடுவேன். இழப்பு: மதிய இடைவேளையில் இனிமேல் யாருடன் உட்காருவது" என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் எழுதும் பல பக்கக் கட்டுரையில் வராத விஷயம் அந்த வரியில் இருந்தது. யார் எழுதியதென்று நான் தேடவில்லை.

இது புதிய உத்தியும் அன்று. விக்கிரமாதித்தன் சுமந்துபோகும் வேதாளம் ஒவ்வொரு கதையையும் ஒரு கேள்வியோடுதானே நிறுத்துகிறது? அரசன் வாயைத் திறந்து விடை சொன்னதும் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடுகிறது. கடைசிக் கதையில்தான் அவனுக்கு விடை தெரியவில்லை, மௌனமாக நடக்கிறான், அப்போதுதான் சுமை அவனை விட்டுப் போகாமல் கூடவே வருகிறது. எந்தக் கேள்விக்கும் உடனே விடை சொல்லிவிடத் துடிக்கும் பெற்றோர்களையும் என்னையும் நினைத்து, இதை அடிக்கடி சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

நூலைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒன்று. இக்கட்டு என்று பெயர் பண்ணிக்கொண்டு, ஒரு பக்கம் கொடியவனையும் மறுபக்கம் அப்பாவியையும் நிறுத்துகிற நூல்கள் நிறைய வருகின்றன. அவற்றில் தேர்வு என்று எதுவுமில்லை, வேடம் மட்டுமே இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தவறு செய்பவரின் தரப்பை அவரே ஏற்றுக்கொள்ளும்படி எழுத்தாளர் எழுதியிருக்கிறாரா? உங்கள் மகள் படித்த கதையில் அந்த அண்ணன் ஏன் படிப்பை விட்டான் என்பது நன்றாக எழுதப்பட்டிருந்தால், அது நல்ல நூல்.

மறுமொழி | சந்தேகப்பேர்வழி

எல்லாரும் ஒரே திசையில் போவதால் சற்றுக் குறுக்கே நிற்க விரும்புகிறேன். கதை படித்தால் பிள்ளை நல்லவனாகும், அறிவு கூர்மையாகும், பிறர் துயரம் புரியும் என்ற வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நூல் வாசிப்பால் மனத்துக்கு மருத்துவம் செய்வது என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் 1916இலேயே வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லை முதலில் எழுதிய சாமுவேல் குரோதர்ஸின் கட்டுரையே பாதிக்குமேல் கேலியாக எழுதப்பட்டது என்பதைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? 2013இல் டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ இருவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இலக்கியத் தரமான புனைகதையைச் சிறிது நேரம் படித்தவர்கள் பிறர் மனநிலையை ஊகிக்கும் சோதனையில் மேலாகச் செய்ததாகச் சொன்னது, செய்தித்தாள்கள் கொண்டாடின. 2016இல் வேறு குழுக்கள் அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2018இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் இருக்கிறது, ஆனால் சிறிது என்றார்கள். அவையும் பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம் செய்தவை.

சிறுவர்களிடம் செய்ததில் எனக்குப் பிடித்தது 2014இல் காங் லீ குழுவினர் செய்த ஆய்வு. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளை, ஒலியை மட்டும் கேட்டுப் பொம்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, அறையில் தனியே விட்டார்கள். பெரும்பாலானோர் எட்டிப் பார்த்தார்கள். நீங்களும் நானும் பார்த்திருப்போம். பிறகு ஒரு கதை படித்துக் காட்டி, "பார்த்தாயா?" என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்டவன் கதையும், "புலி வருது" வகையில் ஓநாய் வந்ததாக ஏமாற்றியவன் கதையும் யாரையும் உண்மை பேச வைக்கவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையிடம் பாராட்டுப் பெறும் சிறுவன் கதையைக் கேட்டவர்களில்தான் அதிகம்பேர் உண்மையைச் சொன்னார்கள். அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றியதும் அந்தப் பலனும் மறைந்தது.

ஆக, அச்சுறுத்தும் கதை எடுபடவில்லை. உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்ற கதை எடுபட்டது. அப்படியானால், உண்மை சொன்னவளுக்குத் துன்பமே மிஞ்சுகிற கதையைக் கொடுப்பது தலைகீழான பாடம் ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்கலாம். 7 வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிய முடிவை 12 வயதுப் பெண்மேல் ஏற்றக் கூடாது என்பது என் விடை. ஆயினும் கேள்வி நியாயமானது.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் உண்மையாகவே அப்படியொரு இரகசியத்தைச் சுமக்கிற பிள்ளைக்கு இந்தக் கதை வெறும் கதையாக இருக்காது. அந்தப் பிள்ளையிடம் துண்டுத் தாளை நீட்டுவதற்கு முன்னால் நூலகர் ஐயா யோசிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்பது பாதுகாப்புத்தான். ஆனால் உரக்கப் படிக்கப்படும்போது கையெழுத்தை ஒளித்துவிடலாம், முகத்தை ஒளிக்க முடியாது.

மறுமொழி | அடுக்குகளுக்கிடையே

கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். தாளை மடிக்கும்போதே "படிக்க வேண்டாம்" என்று மேலே ஒரு கோடு போட்டுக் கொடுக்கலாம் என்ற விதியை இந்த வாரத்திலிருந்து சேர்க்கப்போகிறேன்.

மறுமொழி | கடைசிப் பெஞ்சு

எனக்கு 19 வயது. நீங்கள் எல்லாரும் "இளம் வாசகர்" என்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்திலிருந்து அண்மையில்தான் வெளியே வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

14 வயதில் ஒரு கதை படித்தேன். வகுப்பில் ஒருவனைக் கூட்டமாகச் சேர்ந்து கேலி செய்கிறார்கள். கதை சொல்பவன் அதில் சேரவும் இல்லை, தடுக்கவும் இல்லை, தன் ஷூ நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்தது. கதை முழுவதும் அந்த நாடா திரும்பத் திரும்ப வரும். படித்தபோது, நானாக இருந்தால் எழுந்து கேட்டிருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து என் வகுப்பிலேயே அது நடந்தது. திக்கிப் பேசும் ஒருவனைப் போலச் சிலர் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். என்ன தேடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் எதையும் தொலைத்திருக்கவில்லை. பைக்குள் கைவிட்டபடியே, "இது அந்த நாடா" என்று சட்டென்று தோன்றியது. அப்போதும் நான் எழவில்லை. அந்தக் கதை என்னை வீரனாக்கிவிட்டது என்று எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். அன்று மாலை அவனோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து போனேன்; அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாழ்க்கையில் முடிவெடுக்கும் நேரம் வரும்போது, இது முடிவெடுக்கும் நேரம் என்று யாரும் மணி அடித்துச் சொல்வதில்லை. அது ஷூ நாடா போலவோ, பைக்குள் தேடுவது போலவோ, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது போலவோதான் வருகிறது. அந்தக் கதையைப் படித்திராவிட்டால் நான் பையைத் தேடினேன் என்று மட்டுமே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு தேர்வு செய்தேன் என்பதே தெரிந்திருக்காது. சந்தேகப்பேர்வழி அவர்கள் சொல்லும் சோதனைகள் எட்டிப் பார்த்தானா, ஒப்புக்கொண்டானா என்பதை அளக்கின்றன. பைக்குள் கைவிட்டிருந்த அந்த அரை நிமிடத்தை எந்தச் சோதனையில் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி | சந்தேகப்பேர்வழி

அளக்க முடியாது, தம்பி. நான் கேட்டதைவிட நல்ல விடை சொல்லியிருக்கிறீர்கள்.

மறுமொழி | நிலாமுற்றம்

எல்லாருக்கும் நன்றி. நூலகர் ஐயாவின் இரண்டாவது வரியை நேற்று வீட்டில் முயன்று பார்த்தேன். "கெடு கொடுத்திருந்தால் யாருக்கு என்ன இழப்பு?" என்று மகளிடம் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஒரு நாளில் அம்மா பணத்தை எடுத்திருந்தால்?" என்றாள். பிறகு, அண்ணன் கெடுவுக்குள் சொல்லாமலே போயிருப்பான் என்றும், அப்படிப் போனால் குற்றம் தங்கைமேல் கொஞ்சம் குறையும் என்றும், குறைந்தாலும் வருத்தம் அதே அளவுதான் இருக்கும் என்றும் அவளே வாதாடிக்கொண்டாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இது எவ்வளவு கடினமான வேலை என்பது அம்மாக்களுக்குத் தெரியும்.

மடித்த மூலையை இன்று நிமிர்த்திவிட்டாள். அண்ணன் திரும்பி வரும் நாளன்று தங்கை முதலில் என்ன சொல்வாள் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பதாகச் சொன்னாள். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த 8 வயது மகன், தானும் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கொடுக்கலாமா?

மறுமொழி | சன்னலோரம்

தடுக்க வேண்டாம்; தனியே மட்டும் விட வேண்டாம். உங்கள் மகளையே அவனுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 8 வயதில் அவன் பெரும்பாலும் எத்தனை கோப்பை உடைந்தது என்றுதான் கேட்பான்: எவ்வளவு பணம், அண்ணனுக்கு அடி விழுந்ததா, அவன் எங்கே போய்ச் சாப்பிட்டான். அந்தக் கேள்விகளுக்கு அவள் எப்படி விடை சொல்கிறாள் என்பதைக் காய் நறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருங்கள்.